மணிக்கூண்டுப் பக்கமிருந்து வந்த கார்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் பாகப்பிரிவினை, யாருக்கு வேலை போயிற்று, எந்த மருமகள் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாள் என்பதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு அரை நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். மாய மந்திரம் எதுவும் இல்லை; ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தாளைக் கண்ணாடி மேல் வைத்து மூடியை இறக்குவதற்குள் இரண்டு பத்தி படித்துவிடுவேன். தலைகீழாக வைத்தாலும் படிப்பேன். படித்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் எனக்குக் கிடையாது. அது தெருவுக்கே தெரியும். தெரிந்தும் வருகிறார்கள், அடுத்த கடை ஒன்றரை மைல்.

கிளச்சு வருவதும் அப்படித்தான். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். காலையிலிருந்து மாலைவரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு "கிளச்சை விடு, கிளச்சை விடு" என்று கத்துகிறவளைத் தெரு வேறு எப்படிக் கூப்பிடும்? முகத்துக்கு நேரே கூப்பிட மட்டும் யாருக்கும் தைரியம் இல்லை, நான் உட்பட.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், ஒரு பகல் பதினொரு மணிக்கு, எங்கள் தெரு நடுவில், சலூன் வாசலில், கட்சித் தலைவரைக் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். எதிரே காலியாகக் கிடந்த மாடியிலிருந்து இரண்டு குண்டு. சுட்டது யார், சுடச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. அகப்பட்டவர் ஓட்டுநர் ஒருவர்தான். பேசிவைத்த இடத்தில் வண்டியை நிறுத்திக் கொடுத்தார் என்று தீர்ப்பு. ஆறாவது வருடம் சிறையிலேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய மகள்தான் கிளச்சு. அப்பாவை அழைத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது.

ஓட்டுநர் கடைசிவரை சொன்னது ஒரே வாக்கியம்: "முன்னாடி குழி இருந்துச்சு, அதனால நிறுத்தினேன்." அந்த மாதம் குடிநீர்க் குழாய் பதிக்க மருந்துக்கடை முன்னால் தெருவைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தது உண்மை. ஆனால் அன்று காலையே மண் தள்ளி மூடியாகிவிட்டது என்றது அரசுத் தரப்பு. மூடிய குழிக்கு யாராவது வண்டியை நிறுத்துவார்களா? குடிநீர் அலுவலகத்தின் பதிவேட்டைக் கேட்டால், கரையான் தின்றுவிட்டது என்று பதில். எங்கள் ஊர்க் கரையான்களுக்குப் பதிவேட்டில் எந்தப் பக்கம் ருசி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தெருவின் அமைப்பை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கேட்காதீர்கள். ஒரு முனை சந்தை. மறுமுனை மணிக்கூண்டு. சந்தையிலிருந்து நடந்தால் முதலில் சலூன், அடுத்து மருந்துக்கடை, அதற்கும் அப்பால் மணிக்கூண்டு. குழி மருந்துக்கடை முன்னால். என் கடை எதிர்ச்சாரியில், எல்லாம் தெரிகிற மாதிரி.

மூன்றாவது வருடத்திலிருந்து, கொலை நடந்த தேதியில், தெருவே சேர்ந்து அந்தக் காலையை நடித்துக் காட்டும். ஓட்டுநருக்கு நியாயம் கேட்கும் போராட்டக் குழுவின் கணக்கு வாத்தியார் ஆரம்பித்து வைத்தது. பேச்சுக்கூட்டம் போட்டால் நாலு பேர் வருகிறார்கள், காரும் துப்பாக்கிச் சத்தமும் என்றால் பத்திரிகைக்காரர்களும் வருவார்கள் என்று சரியாகக் கணித்தார். மருந்துக்கடைக்காரர்தான் தலைவர், அந்த அளவு தொந்தி வேறு யாருக்கும் இல்லை. சலூன்காரர் சலூன்காரராகவே வருவார். அவர்தான் உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி. அன்று வாசல் நாற்காலியில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே கார் வந்ததைப் பார்த்தவர். கிளச்சுக்கு வயது வந்ததும் அப்பாவின் இடத்தில் அவளே உட்கார்ந்து ஓட்டினாள். பயிற்சிப் பள்ளிக் காரில் இருக்கும் "பழகுநர்" பலகையைச் செய்தித்தாள் வைத்து மறைப்போம். காற்றடித்தால் தெரிந்துவிடும். தலைவரை ஏற்றிவந்தது கற்றுக்குட்டிதான் என்று வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

எனக்கு, ஜன்னலிலிருந்து அலறும் பெண் வேடம். உண்மையில் அன்று நான் எங்கே அலறினேன்? அப்பா கடையின் பின்னறையில் கையில் ஒட்டிய மையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் இருபத்தெட்டு வருடம் அலறிய பிறகு, இப்போது கண்ணை மூடினால் கார் வருவது எனக்கே தெரிகிறது. மணிக்கூண்டுப் பக்கமிருந்து, மெதுவாக.

அங்கேதான் வினை.

அரசு மாறியது. புது விசாரணைக் குழு போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் தலைவர். அடுத்த செவ்வாய்க்கிழமை தெருவுக்கே வந்து சாட்சியை விசாரிப்பதாகக் கடிதம் வந்தது. கிளச்சு முப்பது வருடக் காகிதத்தையும் மூட்டையாகக் கட்டி வியாழக்கிழமை என் மேசையில் போட்டாள்.

"எல்லாத்துலயும் ஏழு ஏழு காப்பி. படிக்காம எடுங்கக்கா."

"நான் ஏம்மா படிக்கப்போறேன்?" என்றேன், முதல் தாளைப் படித்துக்கொண்டே.

மத்தியானத்துக்குள் ஒரு தாள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. முதல் நடிப்புக்கு வாத்தியார் கையால் வரைந்த தெருப்படம். அப்பாவின் பழைய மை உருளை நகல் இயந்திரத்தில் ஓட்டியது. காருக்கு ஓர் அம்புக்குறி. அம்பு சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

போன வருடப் படத்தை எடுத்தேன். அம்பு மணிக்கூண்டிலிருந்து வந்தது.

ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போனேன். கொலைக்குப் பன்னிரண்டாவது வருடத்துப் படத்தில் அம்பு திரும்பியிருந்தது. கூடவே போக்குவரத்துக் காவல் பிரிவின் அனுமதிக் கடிதம்: தெரு ஒருவழிப் பாதையாக்கப்பட்டுவிட்டதால் வாகனம் மணிக்கூண்டுப் பக்கமிருந்தே நுழைய வேண்டும், எதிர்த்திசையில் ஓட்டத் தனி அனுமதி கோரலாம். ஓரத்தில் கிளச்சுவின் கையெழுத்தில் "கோர வேண்டாம்".

இந்தத் தாள்களையெல்லாம் அந்தந்த வருடம் நகல் எடுத்ததும் நான்தான். ஊரில் எந்தக் கையெழுத்து போலி என்று கண்டுபிடிக்கிற கண், அம்பு திரும்பியதைப் பார்க்கவில்லை.

கடையைப் பாதி இறக்கிவிட்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்பா?" என்று கண்ணாடியைத் தேடினார். "ரூல் மாறிடுச்சு, அம்பைத் திருப்பினேன். எந்தப் பக்கம் வந்தா என்னம்மா, நடிப்புதானே?"

"சார், மணிக்கூண்டுப் பக்கமிருந்து வந்தா, சலூனுக்கு வர்றதுக்கு முன்னாடி குழியைத் தாண்டணும்ல? கார் தாண்டிடுச்சுன்னா குழி மூடியாச்சுன்னு ஆகாதா? அப்போ அவ அப்பா சொன்னது பொய்யின்னு ஆகாதா?"

அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். நாற்பது வருடம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிற்கவைத்த மனிதர், உட்கார இடம் தேடினார்.

திரும்பும் வழியில் சலூனுக்குள் தலையை நீட்டினேன். அவர் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டே செவ்வாய்க்கிழமைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க ஆள் வேண்டுமா, நாற்காலியில் சோப்பு நுரையோடு ஒருவர் வசமாக மாட்டியிருந்தார்.

"பதினோரு மணி. மணிக்கூண்டுப் பக்கமிருந்து கறுப்புக் கார் வருது. மெதுவா வருது. இந்தா, இப்ப கண்ணு முன்னாடி நிக்குது."

"அண்ணே, மணிக்கூண்டுப் பக்கமிருந்தா?"

"பின்ன, ஆகாசத்திலிருந்தா? பார்த்தவன் நான். உன்னை மாதிரி பின்ரூம்ல கை கழுவிட்டிருந்தேனா?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நுரைக்காரர் முன்னால் வேண்டாம், முதலில் அவளிடம் சொல்வோம் என்று கிளம்பினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே அடக்கமான காரியம். அதற்குத்தான் தண்டனை கிடைத்தது.

கிளச்சு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அனுமதிக் கடிதத்தில் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"ஓட்டுநர் பொண்ணு ஒன்வேல எதிர்ல வந்தான்னு பேப்பர்ல போடுவாங்கன்னு பயந்தேன்கா. அப்பாவைப் பத்தி இன்னொரு சொல் வந்துரக்கூடாதுன்னு."

"விடும்மா. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுது. நாலு நாள் இருக்கு. சந்தைப் பக்கம், சந்தைப் பக்கம்னு காலையில ரெண்டு தடவ, சாயங்காலம் ரெண்டு தடவ..."

"சொல்லக்கூடாது."

"உண்மையத்தானே சொல்லிக்குடுக்கப் போறோம்?"

"சொல்லிக்குடுத்த சாட்சியாலதான்கா அப்பா உள்ள போனாரு."

அதுவும் உண்மை. சோடாக்கடைக்காரர் ஒருவர், ஓட்டுநர் மாடியைப் பார்த்துக் கை காட்டினார் என்று சாட்சி சொன்னவர், சாகும் தறுவாயில் இவளைக் கூப்பிட்டு, அத்தனை வார்த்தையும் காவல் நிலையத்தில் மனப்பாடம் செய்தது என்று அழுதார். அன்றிலிருந்து போராட்டக் குழுவில் ஒரே விதி: எந்தச் சாட்சிக்கும் யாரும் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கக்கூடாது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விதி. எனக்காகத்தான் அடிக்கடி உரக்கச் சொல்வார்கள்.

"அவரா தப்பாச் சொன்னா?"

"சொல்லட்டும். நீங்க வாயத் திறந்தீங்கன்னா, அக்கா, நான் இந்தக் கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்."

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். அந்த நாலு நாளை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கம் எடுக்கச் சொன்னவருக்குப் பன்னிரண்டு எடுத்தேன். ஒருவருடைய சாதிச் சான்றிதழை இன்னொருவருடைய ஸ்கேன் அறிக்கையோடு சேர்த்துத் தைத்தேன். சோறு இறங்கவில்லை. மருந்துக்கடையில் வயிற்றுக்கு மாத்திரை கேட்டால், "என்ன விஷயம்னு வெளிய சொல்லிடு, தானா சரியாயிடும்," என்றார் அந்தத் தொந்தி. நின்றால் உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் கண் எதிர்ச்சாரிக்கே போகும். அங்கே சலூன்காரர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மணிக்கூண்டைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தக் கார் இன்னும் கொஞ்சம் பளபளப்பாகிக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை அவரே கடைக்கு வந்துவிட்டார்.

"என்ன, மூணு நாளா வாயில பூட்டு? நீ பேசாம இருந்தா தெருவுக்கே காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்லண்ணே. தொண்டை."

"தொண்டையா? உனக்கா?" முகத்தை உற்றுப் பார்த்தார். ஆயிரக்கணக்கான முகத்தைக் கையில் பிடித்துத் திருப்பிய மனிதர். அவரிடம் மறைப்பது எளிதில்லை. "என் சாட்சியில ஏதாவது கோளாறா?"

நான் மூடியை இறக்கினேன், மறுபடி திறந்தேன். வெறும் கண்ணாடியை ஜெராக்ஸ் எடுத்தேன். கறுப்புத் தாள் ஒன்று வந்து விழுந்தது.

"பாத்ததைச் சொல்லுங்கண்ணே," என்றேன். "பாத்ததை மட்டும்."

"அதைத்தானே முப்பது வருஷமாச் சொல்றேன்," என்று அவர் போய்விட்டார். நான் பின்னறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்து எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லி முடித்தேன். கொஞ்சம் தேவலையாக இருந்தது.

திங்கட்கிழமை கிளச்சு இரண்டே தாளை நீட்டினாள். முதல் வருடப் படம், அனுமதிக் கடிதம். தனியாக ஏழு பிரதி. ஆகா, மனசு மாறிவிட்டது, சாயங்காலம் அண்ணனிடம் காட்டப்போகிறாள் என்று நான் குளிர்ந்து போனேன். அவள் அவற்றைப் பையில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

செவ்வாய்க்கிழமை தெருவில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். சலூன் வாசலில் மேசை, பயிற்சிப் பள்ளியின் பிளாஸ்டிக் நாற்காலிகள். நீதிபதி அம்மா சின்ன உருவம், பெரிய கைப்பை. சலூன்காரர் தன் தலைக்குத் தானே சாயம் போட்டிருந்தார். காது மடலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"பதினோரு மணிங்கம்மா. மணிக்கூண்டுப் பக்கமிருந்து கறுப்புக் கார் வந்துச்சு."

சுருக்கெழுத்தாளர் எழுதினார். அரசு வக்கீல், இளைஞர், அவசரமே இல்லாமல் எழுந்தார்.

"நிச்சயமா அந்தப் பக்கமிருந்துதானா?"

"இந்தக் கண்ணால பார்த்தேங்க."

"நன்றி. மருந்துக்கடை முன்னால குழி இருந்ததா ஓட்டுநர் சொன்னாரே. அந்தக் குழியைக் கார் எப்படித் தாண்டிச்சு? பறந்தா?"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சலூன்காரரும் கூடவே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மருந்துக்கடையைப் பார்த்தார். மணிக்கூண்டைப் பார்த்தார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அது... குழி இருந்துச்சுங்க..." என்றார். "கார் அந்தப் பக்கமிருந்துதான்..."

"ரெண்டும் எப்படி முடியும்?"

கிளச்சு எழுந்தாள். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். இந்தச் சாட்சியை நாங்க கெடுத்துட்டோம்."

அவள் ஏழு பிரதியையும் மேசையில் வைத்தாள். ஒருவழிப் பாதை, திரும்பிய அம்பு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். "பத்தொன்பது வருஷம், வருஷத்துக்கு ஒரு நாள், இவர் கண்ணு முன்னாடி காரை அந்தப் பக்கமிருந்து ஓட்டிட்டு வந்தது நான். அதுதான் இப்ப இவருக்கு ஞாபகம் இருக்கு. இவர் பொய் சொல்லல. நாங்க தெரியாமலே சொல்லிக்குடுத்துட்டோம். இவர் சொன்னதை எடுத்துக்காதீங்க."

"உங்க ஒரே சாட்சி இவர்தான்னு தெரியுமில்ல?" என்றார் நீதிபதி அம்மா.

"தெரியும்."

"இது எப்போ உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"வியாழக்கிழமை."

"அப்போ இவரை விசாரிக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

கிளச்சு சலூன்காரர் பக்கம் திரும்பினாள். "அவர் வாயிலிருந்து சரியா வந்துருமோன்னு ஒரு ஆசைம்மா."

"வந்திருந்தா, இந்தத் தாளை எடுத்திருப்பீங்களா?"

நான் மனசுக்குள் கத்தினேன். எடுத்திருப்பேன் என்று சொல்லிவிடடி, யாருக்குத் தெரியப்போகிறது?

"தெரியலம்மா," என்றாள் கிளச்சு. "எடுத்திருக்க மாட்டேன்னுதான் நெனக்கிறேன்."

அதையும் சுருக்கெழுத்தாளர் எழுதினார். நீதிபதி அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். அந்த மாதம் குழி வெட்டியவர்கள், மூடியவர்கள், யார் உயிரோடு இருந்தாலும் தேடிப்பிடித்து ஆஜர்படுத்த வேண்டும் என்று குடிநீர் அலுவலகத்துக்கு உத்தரவு போட்டார். பதிவேட்டைக் கரையான் தின்றிருக்கலாம், மண்வெட்டி பிடித்தவர்களையுமா தின்றுவிட்டது என்று கேட்டார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப் போயிற்று. ஆனால் சாட்சியம் ஏற்கப்படவில்லை என்பதும் அதே குரலில்தான் வந்தது.

சலூன்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, கிளச்சுவிடம் வந்தார்.

"ஊரைக் கூட்டி என்னை முட்டாளாக்கிட்டேல்ல?"

"அண்ணே..."

"ஒரு வார்த்தை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா, நீங்க என் வார்த்தையைத்தான் சொல்லியிருப்பீங்கண்ணே."

அவர் சலூனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் திறக்கவில்லை. தெருவில் ஆண்கள் தாடியோடு திரிந்தார்கள். கிளச்சு நாளுக்கு ஆறு முறை அந்த வாசலைக் காரில் கடந்தாள், ஒருவழிப் பாதைக்கு ஏற்றபடி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, யாரிடமும் கத்தாமல். கத்தாதது எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை புதுத் துண்டறிக்கை கொண்டுவந்தாள். நடித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டோம். பத்தொன்பது வருடம் தவறான திசையில் காட்டினோம். குழி வெட்டியவர்களைத் தெரிந்தவர்கள் தகவல் சொல்லுங்கள். ஐநூறு பிரதி. நாற்பதாவது பிரதி விழும்போது சலூன்காரர் உள்ளே வந்தார். மூன்று நாள் தாடி. காதோரச் சாயம் இன்னும் போகவில்லை. அவளைப் பார்க்காமல் தாளை எடுத்துப் படித்தார்.

"இதுல நான் எங்க?"

"வேண்டாம்னு விட்டேண்ணே," என்றாள் கிளச்சு. "உங்களைத்தான் எல்லாரும் குத்திக் காட்டுவாங்க."

"குத்தட்டும்." மேசை மேல் தாளைத் திருப்பி வைத்தார். "ரெண்டு நாளா கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்கறேன். சந்தைப் பக்கமிருந்து காரைக் கூப்பிட்டுப் பார்க்கறேன். வரமாட்டேங்குது. எப்பக் கூப்பிட்டாலும் மணிக்கூண்டுப் பக்கமிருந்துதான் வருது. ஓட்டிட்டு வர்றது உங்க அப்பாவும் இல்ல. நீ."

கிளச்சு இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் பொத்தானை அமுக்கி ஓட்டத்தை நிறுத்தினேன்.

"அதை எழுது," என்றார் அவர் என்னிடம். "நான் சொல்ற மாதிரியே எழுது. உன் சரக்கு ஒண்ணும் சேர்க்காத."

"என்ன எழுதணும்ண்ணே?"

"கார் எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒரு காலத்துல தெரியும்."

எழுதினேன். அவர் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார். கிளச்சு அந்த நாற்பது தாளையும் எடுத்து நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"முதல்லேருந்து எடுங்கக்கா," என்றாள். "ஆயிரம்."